இசைக்காவலர் ஞானமுத்து நினைவு ஒலிபெருக்கி

குட்டியானை வண்டியிலிருந்து இறக்கிய சாமானைப் பார்த்ததும் மதலேனாள் அதை ஃப்ரிட்ஜ் என்றுதான் நினைத்தாள். அவ்வளவு உயரம். கொழுந்தன் ஜான் பீட்டர் தானே குனிந்து அட்டையைக் கிழித்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியர், பங்குப் பேரவைத் துணைத் தலைவர். அவர் குனிந்து ஒரு வேலை செய்து இந்த ஊர் பார்த்ததில்லை. அட்டைக்குள்ளிருந்து கன்னங்கரேலென்று ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வெளியே வந்தது. அதன் நெற்றியில் மதலேனாளின் வீட்டுக்காரர், செத்து இன்னும் மாசம் முடியாத ஞானமுத்து, போட்டோவாக ஒட்டியிருந்தார். கீழே தங்க எழுத்தில் 'இசைக்காவலர் ஞானமுத்து நினைவாக' என்று போட்டிருந்தது.

"எப்டி இருக்கு மதினி?" என்றார் ஜான் பீட்டர். "போனை ஒரு அமுக்கு அமுக்கினாப் போதும். திருப்பலி, தேர்பவனி, கல்யாணம், சாவு, எல்லாத்துக்கும் பாட்டு இதுக்குள்ளயே இருக்கு. அண்ணனோட முப்பதாம் நாளுக்கு நீங்கதான் திறந்து வைக்கிறீக."

மதலேனாள் போட்டோவைப் பார்த்தாள். ஆதார் அட்டையில் இருந்ததை எடுத்துப் பெரிசாக்கியிருந்தார்கள். இசையைக் காவல் காத்த முகமாகவா இருந்தது? ஆடு களவு போச்சு என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்த முகமாக இருந்தது.

"இது யாரு ரோசனை?"

"பேரவையில எல்லாரும் ஏகமனதா..."

"அப்ப உங்க ரோசனைதான்."

ஜான் பீட்டர் சிரித்துக்கொண்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்குப் படிப்பு இருந்தது.

"போன வருசத் தேர்பவனிக்கு ஸ்பீக்கர் வண்டியைக் கொண்டாந்தீகளே, ஞாபகம் இருக்கா?" என்றாள் மதலேனாள். "உங்க அண்ணன் என்ன செஞ்சாக?"

ஊருக்கே ஞாபகம் இருந்தது. ஞானமுத்து வண்டிச் சாவியைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு, தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் டிரைவரிடம் கொடுத்தார். அதிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசவில்லை.

"அதெல்லாம் அண்ணனோட வெள்ளந்தி மனசு மதினி. உங்களுக்குத்தான் அந்தப் பேண்டுச் சத்தம் ஆகவே ஆகாதே. உங்களையும் மனசுல வச்சுத்தான் இதை வாங்குனது."

மதலேனாள் கிழிந்து கிடந்த அட்டையைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள். அவர் சொன்னது ஊரறிந்த சங்கதி. ஊரறிந்த சங்கதியை என்னவென்று மறுப்பது?

ஞானமுத்து என்ன பெரிய வித்வானா என்று கேட்டால், அந்த ஆளுக்கு ஒரு பீப்பீகூட ஊதத் தெரியாது. பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர். சுதி என்றால் என்னவென்று இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஞானமுத்துவுக்கோ தனக்கு அது தெரியாது என்பதே தெரியாது. ஆனால் சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் எங்கே எவன் மேடை போட்டு வாசித்தாலும் முதல் வரிசையில் அவர் இருப்பார். வீரபாண்டித் திருவிழாவா, முன்னால் நிற்பார். முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணமா, பத்திரிகை இல்லாமலே போய் மேடைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொள்வார். சோற்றுப் பந்தி முடிந்தது தெரியாமல் பாட்டுப் பந்தியிலேயே உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து "பசிக்குதுடி" என்று நிற்பார். ரேடியோவில் பாட்டுப் போட்டால் எழுந்து போய் அணைப்பார். "எதுத்தாப்ல ஒருத்தன் மூச்சைப் புடிச்சு ஊதணும்டி. அவன் முழி பிதுங்குறதை நாம பாக்கணும். அப்பத்தான் அது பாட்டு" என்பார். இப்படி ஒரு ரசனை.

தான் போய்க் கேட்டது போதாதென்று ஊரிலேயே ஒரு குழுவை உண்டாக்கினார். புனித செசிலியம்மாள் இன்னிசைக் குழு என்று பலகையில் பேர். ஊர் வைத்த பேர் ஞானமுத்து செட்டு. கிளாரினெட்டுக்குச் சகாய பிரவீன். சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருப்பவன், குழுவுக்கு மாஸ்டர். டிரம்பெட்டுக்குப் பிச்சைமணி, மேகமலை எஸ்டேட்டில் கூலியாட்களுக்குக் கட்டிய லயன் வீட்டில் இருப்பவர், ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்கி வந்தால்தான் வாசிப்பு, ரோட்டில் மரம் விழுந்தால் அன்றைக்கு டிரம்பெட் இல்லை. பெரிய டிரம்முக்கு முத்துப்பாண்டி. வாழைத்தார் வெட்டுகிறவன், தாரை வெட்டுகிற வேகத்திலேயே டிரம்மையும் அடிப்பான். மற்றவர்கள் எல்லாம் இந்த மூன்று பேர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஊதுகிறவர்கள். வேதக்காரர் பாதி, அம்மனைக் கும்பிடுகிறவர் பாதி. சேர்ந்து வாசித்தால் எந்தச் சாமிக்கும் புரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மதலேனாள் வீட்டுத் தகரக் கொட்டகையில் ஒத்திகை. திராட்சைப் பெட்டி அடுக்குகிற கொட்டகை. தகரத்துக்குக் கீழே டிரம் அடித்தால் எப்படி இருக்கும்? அடுப்படியில் எவர்சில்வர் தட்டு தானாக நடக்கும். மாடு பால் இறக்காது. மதலேனாள் வாசலில் நின்று வைவாள். வைதுகொண்டே புட்டு அவிப்பாள். கடலைக் குழம்பைக் கொண்டுபோய் வைத்து, "தின்னுட்டாவது நல்லா வாசிக்கிறீகளான்னு பாப்போம்" என்பாள். பிச்சைமணி மட்டும் எஸ்டேட் பழக்கத்தில், "ஒரு கட்டன் சாயா குடுங்க தங்கச்சி" என்று கேட்டு வாங்கிக் குடிப்பார்.

இதெல்லாம் வாடிக்கை. ஆனால் மகள் ரோஸ்லினைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நடந்தது வாடிக்கை இல்லை. மாப்பிள்ளை வீட்டாரை அசத்த வேண்டும் என்று இந்தப் பயல்கள் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் வரிசையாக நின்று வரவேற்பு வாசித்தார்கள். ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தது அடக்கப் பாட்டு ஒன்றுதான். அதையே கொஞ்சம் வேகமாக வாசித்தார்கள். காரை விட்டு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் காருக்குள் ஏறிக்கொண்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. அன்றைக்குத்தான் மதலேனாள் தெருவே கேட்க அந்த வார்த்தையைச் சொன்னாள்: "நான் செத்தாலும் சரி, இந்த மனுசன் செத்தாலும் சரி, ஒரு பய இந்த வாசல்ல வந்து ஊதக்கூடாது, ஆமா!"

சொன்னாள்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் புட்டு அவித்தாள். ரோஸ்லினுக்கு வேறு நல்ல இடம் அமைந்து கோயம்புத்தூரில் பிள்ளை குட்டியோடு இருக்கிறாள். யார் அதையெல்லாம் நெஞ்சில் வைத்திருந்தார்கள்?

அந்தப் பயல்கள் வைத்திருந்தார்கள்.

ஞானமுத்து குளித்துவிட்டு வந்து நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் அடக்கம். மதலேனாள் சவப்பெட்டி ஓரத்தில் உட்கார்ந்து ஒப்பாரிக்காரிகளுக்கு நடுவே தெருமுனையில் காதை வைத்திருந்தாள். இப்போது டிரம் கேட்கும், இப்போது கேட்கும் என்று இருந்தாள். கேட்கவில்லை. கேட்டது ஜான் பீட்டர் ஏற்பாடு பண்ணின வண்டிச் சத்தம்தான். அதன் உச்சியில் கட்டிய குழாயிலிருந்து எவனோ எங்கேயோ என்றைக்கோ அழுது வைத்த பாட்டு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் பார்த்தால், ஞானமுத்து செட்டு மொத்தமும் வெள்ளைச் சட்டையில் ஓரமாக நின்றது. கை கட்டி நின்றார்கள். ஒருத்தன் கையிலும் ஒரு சாமான் இல்லை.

நன்றி கெட்ட நாய்கள் என்று அன்றைக்கு நினைத்தவள்தான். மண்ணைப் போடும்போதுகூட அவளுக்கு அழுகையை விட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. எத்தனை உலை வைத்திருப்பாள்! எத்தனை தேங்காய் துருவியிருப்பாள்! கடைசியில் அந்த மனுசனை ஒரு குழாய் கொண்டுபோய்ப் புதைத்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகை பூட்டியே கிடந்தது. தட்டு வைத்த இடத்தில் இருந்தது. மாடு நிறைய பால் கறந்தது. மதலேனாளுக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. வாயைத் திறந்து வைவதற்கு ஒரு ஜீவன் இல்லை. காதுக்குள் ங்ஙொய் என்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. டாக்டரிடம் காட்டியதற்கு வயசு என்றார். வயசாம்!

இப்போது இந்தப் பெட்டி வேறு. முப்பதாம் நாளும் குழாய்தானா என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்காவது அந்தப் பயல்கள் வந்து அவர் தலைமாட்டில் நின்று வாசிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் போய்க் கேட்பதா? மதலேனாளா? முத்துப்பாண்டியிடம் போய், ஏப்பா வந்து வாசிங்கப்பா என்று கெஞ்சுவதா? அதற்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அவள் வேறு வழி பார்த்தாள். பிரவீனுக்குப் போன் போட்டாள்.

"ஏலே, உங்க தட்டுமுட்டுச் சாமானெல்லாம் என் கொட்டகையில கெடந்து எடத்தை அடைக்குது. வந்து எடுத்துட்டுப் போங்க."

அவள் போட்ட கணக்கு இது. வருவார்கள். டிரம்மைப் பார்த்ததும் முத்துப்பாண்டிக்குக் கை சும்மா இருக்காது, ஒரு தட்டுத் தட்டுவான். இவள் கத்துவாள். பிரவீன் தலையைச் சொறிந்துகொண்டு, "அத்தை, மாமா முப்பதுக்கு நாங்க வாசிக்கட்டுமா" என்பான். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்பாள். முப்பது வருசமாக இந்த வீட்டில் எல்லாச் சம்மதமும் அந்த வார்த்தையில்தான் நடந்திருக்கிறது. அவளுக்கு அதைச் சொல்ல நாக்கு ஊறியது.

வந்தார்கள். என்ன மரியாதை, என்ன பதவிசு! செருப்பைத் தெருவிலேயே கழற்றிப்போட்டு வந்தார்கள். டிரம்மை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி சத்தம் வராமல் தூக்கினார்கள். முத்துப்பாண்டி தட்டவில்லை. தட்டிவிடக் கூடாதே என்று கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். சனியன் பிடித்தவன், இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் அவனுக்கு அடக்கம் வந்தது. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கொட்டகையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்கள்.

"கோயிலுக்குப் பின்னாடி நாற்காலி போடுற ரூம்ல வச்சுக்கிறோம் அத்தை. சாமியார்ட்ட கேட்டுட்டோம்" என்றான் பிரவீன். "இனிமே உங்களுக்கு எங்களால ஒரு தொந்தரவும் இருக்காது."

"ரொம்ப சந்தோசம்" என்றாள் மதலேனாள்.

அவர்கள் போன பிறகு வெறும் கொட்டகைக்குள் நின்று, கோட்டிப் பயல்களா, கோட்டிப் பயல்களா என்று தகரத்தைப் பார்த்து வைதாள். அந்தச் சத்தம்கூட எதிரொலித்து அவளுக்கே திரும்ப வந்தது.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைத் திருப்பலி முடிந்து எல்லாரும் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ரோஸ்லின் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குச் சக்கரம் இருந்ததால் அதுவும் கூடவே உருண்டு வந்தது. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். ஞானமுத்துவுக்குப் போட்டதை விடக் கனமான மாலை.

சாமியார் கல்லறையை மந்திரித்து முடித்ததும் ஜான் பீட்டர் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடுகிற ஆளா? அண்ணனுக்கு இசையே மூச்சு என்றார். இசையே பேச்சு என்றார். உயிரோடு நின்று வாசிக்கும் கலைஞர்களைத் தன் உயிராக நேசித்தவர் என்றார். அப்பேர்ப்பட்டவரின் நினைவு நிலைக்க வேண்டும் என்றுதான், இனி இந்தப் பங்கில் ஒரு கலைஞரும் சிரமப்படத் தேவையில்லாதபடி இந்த நவீன சாதனத்தை அர்ப்பணிக்கிறோம் என்றார். தான் சொன்னதைத் தானே ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாமா வேண்டாமா? கூட்டத்தில் கை தட்டக்கூடச் செய்தார்கள்.

"அண்ணன் கடைசியா என் கையப் புடிச்சுக்கிட்டு, தம்பி, பாட்டு நிக்கக்கூடாதுடான்னு சொன்னாக" என்று அவர் கண்ணைத் துடைத்தபோது மதலேனாளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அண்ணன் கடைசியாகப் பிடித்தது வண்டிச் சாவியைத்தான்.

தட்டில் கத்தரிக்கோலை வைத்து நீட்டினார்கள். பெட்டிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன்.

"மொதல்ல அது பாடட்டும்" என்றாள் மதலேனாள். "எப்டிப் பாடுதுன்னு பாத்துட்டு வெட்டுறேன்."

ஜான் பீட்டர் போனை அமுக்கினார். பாட்டு வந்தது, குறை சொல்ல முடியாது. வயலின் என்ன, புல்லாங்குழல் என்ன, நூறு பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி என்ன. 'ஆண்டவரே' என்று உருகி மேலே போய், அப்படியே நின்றது. உடனே ஒரு பொம்பளைக் குரல் கல்லறைத் தோட்டம் பூராவும் கேட்கிற மாதிரி, "மூட்டு வலியா? இனி கவலையை விடுங்கள்!" என்றது. அங்கன படுத்திருந்த அத்தனை பேருக்கும் சேர்த்துச் சொன்னது. பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். ஜான் பீட்டர் கண்ணாடியைத் தேடி, போனைத் தேய்த்து, அணைக்கத் தெரியாமல் முழித்தார். தைலத்தின் பெருமையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்தப் பொம்பளை ஓய்ந்தாள்.

மதலேனாள் கத்தரிக்கோலைத் தட்டிலேயே போட்டாள். பெட்டிப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்குப் பின்னால், சுவரோரம், வெள்ளைச் சட்டையோடு கைகட்டி நின்றவர்களைப் பார்த்தாள்.

"ஏலே பிரவீன், இங்கன வா."

அவன் வந்தான். பின்னாலேயே முத்துப்பாண்டியும் பிச்சைமணியும் வந்தார்கள்.

"ஊதுற சாமான் எங்கலே?"

"அத்தை?"

"கைய வீசிக்கிட்டு வந்திருக்கீக. அடக்கத்துக்கும் இப்டித்தான் வந்தீக. என்ன, தின்ன புட்டெல்லாம் செரிச்சுப் போச்சோ?"

பிரவீன் தலையைச் சொறிந்தான். "நீங்கதானே அத்தை சொன்னீக... மாமா செத்தாலும் வாசல்ல வந்து ஊதக்கூடாதுன்னு."

"நான் சொன்னேன்! அந்த மனுசன் எத்தனை வருசமா, நேரத்துக்கு வாங்கடான்னு தொண்டை வத்தச் சொன்னாக. கேட்டீகளா? ஏலே முத்துப்பாண்டி, கொஞ்சம் மெதுவா அடிடான்னு சொன்னாகளே, கேட்டியா? குடிச்சுட்டு ஒத்திகைக்கு வராதீகன்னு சொன்னாக, அதைக் கேட்டீகளா? அவரு சொன்ன எதையும் கேக்காத பயலுக, நான் வஞ்ச ஒண்ண மட்டும் வேதவாக்காப் புடிச்சுக்கிட்டீகளாக்கும்!"

பிச்சைமணிதான் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அதுமட்டும் இல்ல தங்கச்சி. அன்னைக்கு நாங்க எல்லாரும் பிரவீன் கடையிலதான் உக்காந்திருந்தோம். வெள்ளச் சட்டையெல்லாம் போட்டு, காலையிலருந்து. கூப்புட ஆள் வரலையே. சாமானும் உங்க கொட்டகையில கெடக்கு. கூப்புடாம எப்டி வந்து கேக்குறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நல்ல காரியத்துக்கு வேண்டுமானால் பேண்டுக்காரன் அழைக்காமல் போகலாம். சாவு வீட்டு வாசலில் அழைக்காமல் போய் நின்றால், எப்போது சாவு விழும் என்று காத்துக்கிடந்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த வீட்டுக்காக ஒருத்தர் வந்து, இன்னார் தவறிட்டாக, வந்து வாசிங்க என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார்கள்.

மதலேனாளுக்கும் இது தெரியாததில்லை. ஆனால் ஞானமுத்து வீட்டுக்கு என்ன அழைப்பு வேண்டிக் கிடக்கிறது என்று இருந்துவிட்டாள்.

"எப்பவும் யாரு வந்து கூப்புடுவா?" என்றாள்.

பிச்சைமணி கல்லறையைப் பார்த்தார். "மச்சான்தான்."

அதுதான் விசயம். இந்த ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். ஞானமுத்துதான் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, அவர்களுக்காகக் கூப்பிடுவார். வேதக்காரர் சாவுக்கும் அவர்தான், அம்மன் கோயில் தெருச் சாவுக்கும் அவர்தான். கூப்பிடுகிற வேலையை வேறு யாரும் பழகவே இல்லை.

"ஓஹோ" என்றாள் மதலேனாள். "அப்ப, செத்த மனுசன் எந்திரிச்சு வண்டிய எடுத்துக்கிட்டு உங்க கடை வாசலுக்கு வந்து, நான் செத்துட்டேன் வாங்கப்பான்னு கூப்புடுவாகன்னு உக்காந்திருந்தீக?"

யாரோ ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முத்துப்பாண்டி குனிந்து மண்ணைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது.

அடக்கத்தன்று தெருமுனையில் காதை வைத்துக்கொண்டு மதலேனாள் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், வாசலில் கண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அந்த மனுசன் யாரும் கூப்பிடாத அநாதையாகப் போயிருக்கிறார். ஊர்ச் சாவையெல்லாம் பேண்டோடு அனுப்பி வைத்த ஆளுக்கு இந்தக் கதி.

"மதினி, எனக்குத் தோணாம இல்ல" என்று ஜான் பீட்டர் பக்கத்தில் வந்தார். "உங்களுக்குப் புடிக்காதேன்னுதான் நான்..."

"எனக்கு எது புடிக்காதுன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் மதலேனாள். "எது வேணும்னு, அந்தா படுத்திருக்காகளே, அவுகளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியல. வீடு சத்தமில்லாமக் கெடக்கு. என்னால அதுக்குள்ள இருக்க முடியல. போங்க, போய் அந்தப் பக்கம் நில்லுங்க."

அவள் பெட்டியிடம் போய் நகத்தைக் கொடுத்து அந்தப் போட்டோவை உரித்தாள். லேசில் வரவில்லை; நல்ல பசை. உரித்து ரோஸ்லின் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பிரவீனுக்கு எதிரே வந்து நின்றாள். இழவு வீட்டுக்காரி நிற்கிற மாதிரி நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரு தவறிட்டாக" என்றாள். "வந்து வாசிங்கப்பா."

அவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். வாழைத்தார் சுமக்கிற முத்துப்பாண்டி டிரம்மை ஒற்றை ஆளாகத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். சாமியாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு திருப்பலி இருந்தது, மணியைப் பார்த்தார். "செத்த இருங்க சாமி" என்றாள் மதலேனாள். இருந்தார். டிரம் வைக்க இடம் போதாமல் பெட்டியைச் சுவரோரம் உருட்டித் தள்ளினார்கள். அதன் மேல் யாரோ வாத்திய உறைகளைக் குவித்தார்கள்.

வாசித்தார்கள். பிரவீன் கைகாட்டும் முன்பே முத்துப்பாண்டி ஆரம்பித்துவிட்டான். பாதி வழியில் பிச்சைமணிக்கு மூச்சு வாங்கியது, டிரம்பெட் ஒரு இடத்தில் உடைந்து கீழே வந்தது. அவர் முழி பிதுங்கியது, கன்னத்தில் தண்ணீர் ஓடியது, ஆனாலும் வாயை எடுக்கவில்லை. பின்னால் ஒளிந்துகொண்டு ஊதுகிறவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு வழியாகக் கடைசிக்கு வந்து சேர்ந்தார்கள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாமியார்கூடத் தொண்டையைச் செருமினார். ரோஸ்லின் தேம்பிக்கொண்டிருந்தாள்.

பிரவீன் கிளாரினெட்டை இறக்கிவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாவே இல்ல" என்றாள் மதலேனாள். "இன்னொருக்க வாசிங்க."

வாசித்தார்கள். வெயில் ஏறியது. சாமியார் சொல்லிக்கொண்டு போனார். ஜான் பீட்டர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, குழுவும் அம்மாவும் மகளும் மட்டும் மிச்சம். மதலேனாள் பக்கத்துக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்து, காலை நீட்டி, காதைக் கொடுத்துக் கேட்டாள். முடிந்தது. அவர்கள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"நல்லா இல்லலே" என்றாள். "இன்னும் ஒருக்க வாசிங்க."